ஒட்டுநர்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் உண்டு, லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் உண்டு, லாரிக்கு வாங்கிய கடனைக் கட்டியே வயதானவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத ஒருவர் மாடியறையில் இருக்கிறார். பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பார். இரவில் பதினான்கில் ஒரு பங்கு அளவில் லாரி செய்வார். ஒரு முழ நீளத்துக்கு அலுமினியச் சேஸ், அதன்மேல் பிளாஸ்டிக் கேபின். உட்கார வைப்பது ஐந்து நிமிட வேலை. உட்கார்ந்த கேபின் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் மனிதருக்கு ஆயுசு போகிறது.

தெருவுக்கு இவருடைய லாரி பற்றிய கவலை இல்லை. 'அவருக்கு நல்லா ஒட்டத் தெரியும்' என்பது மட்டும் பரவிவிட்டது. பிடி போன வாளி, விளிம்பு உடைந்த டப்பா, கால் விட்ட நாற்காலி எல்லாம் மாடிப்படி ஏறி வருகின்றன. இவர் உடைந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. வாளியைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேடுவார்.

"அஞ்சு போட்டிருக்குதுங்க அக்கா. ஒட்டாது."

"லாரியவே ஒட்டறீங்களாமா தம்பி, ஒரு வாளிய ஒட்ட மாட்டீங்களா?"

"லாரி ஏபிஎஸ் பிளாஸ்டிக்குங்க அக்கா. இது பாலிப்ரொப்பிலீன். பசை இதும்மேல பரவாது. துளித்துளியா திரண்டு நின்னுக்கும்."

அக்கா வாளியை வாங்கிக்கொண்டு போய்க் கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றுவார். வாளி நன்றாகவே உழைக்கும். இவருக்கோ அன்றிரவு தூக்கம் வராது. ஒட்டாத வாளிக்காக அல்ல, தன் விளக்கத்தை அக்கா முழுசாகக் கேட்காமல் போனதற்காக. எண் 2 என்றாலும் இதே பதில்தான், அது பாலிஎத்திலீன். எண் 6 கண்ணில் பட்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். அது பாலிஸ்டைரீன். அதற்கென்று உள்ள பசை இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவிட்டு, வெல்டிங் வைத்த மாதிரி ஒரே துண்டாக்கிவிடும். ஆனால் அதே பசையை அலுமினியத்தில் தடவினால் கரைவதற்கு அங்கே ஒன்றுமில்லை. மெல்லிய தோலாகக் காய்ந்து, நகம் பட்டதும் உரிந்து வரும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டும்வரை சந்தோஷமாக இருந்த மனிதர், உலோகத்தைத் தொட்ட அன்றைக்குத்தான் தத்துவம் பேச ஆரம்பித்தார்.

அந்தத் தத்துவத்தின் முதல் வாக்கியம்: "பசையோட பலம் ட்யூப்ல இல்லீங்க சார், உப்புத்தாள்ல இருக்குது." பளபளவென்று இருக்கும் அலுமினியம் இவருக்கு ஆகவே ஆகாது. 220 நம்பர் தாளால் முதலில் தேய்ப்பார், 320ஆல் மறுபடி தேய்ப்பார். பிளாஸ்டிக்கின் முகத்தையும் தேய்த்துக் கெடுப்பார். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பார். அதோடு அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது, அவர் உட்பட. தலைக்கு எண்ணெய் வைத்தவர்களுக்கும் முறுக்கு தின்ற கைக்கும் அந்த அறையில் அனுமதி கிடையாது. தீபாவளி வாரத்தில் வீட்டில் ஒருவருமே உள்ளே போக முடியாது. காற்றுப் பட்டாலே அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படிய ஆரம்பித்துவிடும் என்பதால் துடைத்த சூட்டோடு ஒட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் கேஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி, வாசலில்தான் நிற்க வேண்டும்.

இந்த ஒட்டுநர் இனத்துக்குள் கட்சிகளும் உண்டு. இளைஞர்கள் பெரும்பாலும் 'குயிக்' கட்சி. நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட்டின் வரலாறு இவர்களுக்கு மனப்பாடம். 1942இல் துப்பாக்கிக் குறிபார்வைக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவரின் குழு, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டு தொல்லை தருகிறது என்று அதை ஒதுக்கி வைத்ததாம். 1951இல் கோடாக்கில் அதே கூவர் அதே தொல்லையை மறுபடி சந்தித்து, இதற்கு விலை உண்டே என்று உணர்ந்து, 1958இல் அது கடைக்கு வந்ததாம். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்கிறவரின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் லாரியின் பம்பரும் ஒரே குடும்பமாகியிருக்கும். விரலை விடுவிக்க மனைவியின் நெயில் பாலிஷ் ரிமூவர் வரும். அதிலுள்ள அசிட்டோன் விரலை விடுவித்துவிடும்; போகிற போக்கில் கேபினின் கன்னத்தையும் கரைத்துவிட்டுப் போகும்.

இந்தப் பசைக்கு இன்னொரு குணம் உண்டு. இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் துண்டில் வெள்ளையாகப் படியும். விரல் பட்ட இடமாகப் பார்த்து நன்றாகவே படியும். தடய அறிவியல்காரர்கள் கைரேகையைக் கண்டுபிடிக்க இந்த ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் குயிக் கட்சிக்காரர் செய்த லாரியின் முன்கண்ணாடியில் 'ஆஞ்சநேயர் துணை'க்குக் கீழே, செய்தவரின் பெருவிரல் ரேகை தெளிவாக இருக்கும். கையெழுத்து எதற்கு?

நம்மவர் நாற்பதைத் தாண்டியவர், எபாக்சி கட்சி. ஒரு ட்யூப் ரெசின், ஒரு ட்யூப் ஹார்டனர், இரண்டும் சம அளவில் கலந்தால்தான் இறுகும். கலப்பதற்கு வழுவழுப்பான கெட்டி அட்டை வேண்டும். ஊரில் அப்படி அட்டை இலவசமாகக் கிடைக்கும் ஒரே இடம் கல்யாணப் பத்திரிகை. மணமகன் பெயருக்கு மேல் ஒரு கோடு ரெசின், மணமகள் பெயருக்கு மேல் ஒரு கோடு ஹார்டனர், முகூர்த்த நேரத்தின்மேல் வைத்துக் கலக்கல். தைமாதம் முழுக்க இவருக்குத் தட்டுப்பாடே கிடையாது. "பத்திரிகை கிடைச்சுதுங்களா மாமா?" என்று யாராவது போன் செய்தால், "அருமையான அட்டைங்க மாப்ளே" என்பார். என்றைக்குக் கல்யாணம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேதி பம்பருக்குள் போயிருக்கும்.

எபாக்சி இறுகுவதற்குள் அசையக்கூடாது. ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் என்று உறையில் போட்டிருப்பதை அவர் மதிப்பதில்லை. முழு பலத்துக்கு ஒரு நாள் முழுக்க விடுவார். பிடித்து வைக்கத் துணிக் கிளிப்புகள் மாடிக் கொடியிலிருந்து வரும். காற்றடித்தால் அவருடைய அலுவலகச் சட்டைதான் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போகும். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. "ஏனுங்க, இன்னைக்கு லாரி ஓடுமா, சட்டை ஓடுமா?" என்று மட்டும் கேட்பார்.

இத்தனை செய்தும் கத்திரி வெயில் ஒரு பரீட்சை வைக்கும். ஒரே சூட்டில் அலுமினியத்தைவிட ஏபிஎஸ் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளும். முப்பது சென்டிமீட்டர் பக்கப் பலகைக்கு முப்பது டிகிரி கூடுதல் சூடு என்றால், இரண்டுக்கும் இடையே சுமார் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் விழும். ஓட்டுக் கட்டடத்தில் கண்காட்சி, கண்ணாடிப் பெட்டிக்குள் லாரி, பிற்பகல் மூன்று மணி. 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்காது, இவருக்கு மட்டும் அடிவயிற்றில் கேட்கும். அதன் பிறகு நீளமான துண்டு எதையும் இவர் முழு நீளத்துக்கு இறுக்குவதில்லை. ஒரு முனையை இறுக்குவார், மறுமுனையில் நீளத் துளை போட்டு நகர இடம் விடுவார். உண்மையில் இந்த ஒரு பாடத்துக்காகவே இவரை எனக்குப் பிடிக்கும். ஒட்டுவதில் இவ்வளவு வெறி உள்ளவர் கொஞ்சம் விட்டுப் பிடிப்பதற்கும் ஒத்துக்கொண்டாரே!

முனையை இறுக்குவது எதால் என்பதுதான் வீட்டு ரகசியம். ஸ்க்ரூவால். இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூ. சேஸில் ட்ரில் போட்டு, மரை வெட்டி, தலை தெரியாமல் மேலே பெயிண்ட் அடித்துவிடுவார். கேட்டால் 'முழுக்க ஒட்டு வேலை' என்பார். எதற்கு இந்த வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை. ஜப்பானின் டமியா கம்பெனி 1993இல் கொண்டுவந்த கிங் ஹாலர் லாரி கிட்டிலேயே அலுமினியச் சேஸோடு பை பையாக ஸ்க்ரூதான் வரும். அதையும் இவரிடமே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் இவருடைய வேலையைப் பார்க்க வந்திருந்தார். உப்புத்தாள், ஆல்கஹால், எபாக்சி, நீளத் துளை வரை எல்லா விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லாத்தானுங்க சார் இருக்குது. ஆனா நாங்க எந்த லாரிய ஒட்டினோம்? சேஸும்மேல பாடிய வெச்சு யு-போல்ட் போட்டு முடுக்குவோம். நிஜ லாரி மாதிரியே இருக்கோணும்னா நீங்களும் முடுக்கிப் போடுங்க."

இப்போது இரும்புக் கம்பியில் குட்டி யு-போல்ட் வளைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் பார்க்கப் போனால் தலையில் எண்ணெய் இல்லாமல் போங்கள். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் கொண்டுபோங்கள், எப்படியும் தேவைப்படும். லாரியைத் தூக்கிப் பார்க்க ஆசை வந்தால் சேஸைப் பிடித்துத் தூக்குங்கள், பம்பரைத் தொடாதீர்கள்.