எங்கே, நீ சொல்லு

1980-களில் எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேலை சொல்வதில் அவருக்கு இணையான ஒருவரை நான் அப்புறம் பார்த்ததில்லை. கோடை விடுமுறை முழுக்க மணல் மேட்டில் உட்கார்ந்து அவரைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன். காலையில் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். "இன்னிக்கு இது வரைக்கும்தான்" என்று கொத்தனாரிடம் சொல்வார். கலவை போடும் சித்தாளிடம் சிமெண்ட் எத்தனை சட்டி, மணல் எத்தனை சட்டி என்று சொல்லிவிட்டு உடனே நகர மாட்டார். "எங்கே, நீ சொல்லு" என்பார். அந்த அம்மா திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த ஆள்.

காரணத்தையும் சேர்த்தே சொல்வார். "தண்ணி கூடுனா பூசச் சுகமா இருக்கும்மா, காஞ்சதும் வலு இருக்காது." ஒரு நாள் மழையில் மணல் நனைந்து கிடந்தது. மேஸ்திரி ஊரில் இல்லை. மணலிலேயே ஈரம் இருக்கிறதென்று அந்த அம்மா தானாகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். காரணம் தெரிந்தவருக்குத்தான் அது தோன்றும்.

இப்போது என் தம்பி மகன் வீடு கட்டுகிறான். பொறியாளர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். சூப்பர்வைசர் அதை மேஸ்திரிக்குத் தள்ளிவிடுகிறார். மேஸ்திரி தனக்குத் தெரிந்த இந்தியில் பீகார், ஒடிசா இளைஞர்களிடம் சொல்கிறார். தளம் போட்ட அன்று வந்த செய்தி: "நல்லா தண்ணி விடுங்க." எத்தனை நாள்? யார் பொறுப்பு? அதில் இல்லை. ஏழாம் நாளோடு நிறுத்திவிட்டார்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்பது சரிதான். ஆனால் அங்கே இறங்கியது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் என்கிறது ஐ.எஸ். 456:2000 விதி. பொறியாளருக்கு இது தெரியும். தண்ணீர் விட்ட பையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்வது அநியாயம்.

நீர்–சிமெண்ட் விகிதம் 0.5 என்று வரைபடத்தில் எழுதினால் போதாது. கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் அது 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், இந்த வாளியில் இத்தனை என்று போய்ச் சேர வேண்டும். தளம் போட்ட தேதியையும் தண்ணீரை நிறுத்த வேண்டிய தேதியையும் தூணில் சாக்பீஸால் எழுதிவிட்டால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

வீடு கட்டுகிறவர்களே, செய்தி அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். கடைசியாக வாளியைத் தூக்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.