யாரோ ஒரு பையன்

என் காரின் இடதுபக்க முன்கதவுக் கண்ணாடியை ஏழு மாதம் ரிப்பேர் செய்தேன். அதற்கு முன்பு அதில் ஒரே ஒரு கோளாறுதான் இருந்தது.

வீடு விழுப்புரத்தில், பள்ளிக்கூடம் திண்டிவனத்தில். நடுவே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கார் 2009 மாடல். பக்கத்து சீட் எங்கள் தமிழய்யாவுடையது. பெட்ரோலுக்குத் தவறாமல் பங்கு தருவார், ஏசி மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே அந்தக் கண்ணாடி இறங்கியே தீரவேண்டும். நான் இயற்பியல். பிளஸ் டூவுக்கு மின்னோட்டவியல் பாடத்தைப் பதினாறு வருடமாக நடத்துகிறேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

2024 ஜூன், பள்ளி திறந்த வாரம். கூட்டேரிப்பட்டு பக்கம் நுங்கு வாங்க நிறுத்தினோம். அய்யா பட்டனை அழுத்தினார். கண்ணாடி அசையவில்லை. கதவைத் திறந்து நுங்கை வாங்கியவர், கதவு பாதி திறந்திருக்கும்போதே மறுபடி அழுத்தினார். சரசரவென்று இறங்கியது.

"தம்பி, கதவத் தொறந்தா எறங்குது, மூடுனா நிக்குது பாருங்க."

"அதெல்லாம் சம்பந்தமில்லைங்கய்யா" என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கு எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் செலவானது.

முதலில் ஃபியூஸ். என் காரில் நாலு கண்ணாடிக்கும் ஒரே ஃபியூஸ், மற்ற மூன்றும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. இருந்தாலும் மாற்றினேன். மாற்றிய திருப்தியில் கதவைப் படாரென்று சாத்திப் பட்டனை அழுத்தினால், கண்ணாடி இறங்குகிறது! ஸ்டாஃப் ரூமில் அன்று முழுக்க நான்தான் பேசினேன். மூன்றாம் நாள் மறுபடி நின்றது.

அடுத்தது சுவிட்ச். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கண்ணாடியை ஏற்றி இறக்குவது ஒரு சாதாரண டிசி மோட்டார், வயர் இரண்டே இரண்டு. மேலே அழுத்தினால் ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். கீழே அழுத்தினால் இரண்டும் இடம் மாறும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதே இரண்டு வயர்தான் என்பதால், ஒன்று அறுந்தாலும் இரண்டுமே போச்சு. வகுப்பில் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். பையன்கள் புரிந்தது என்பார்கள். என் கண்ணாடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் 650 ரூபாய்க்குச் சுவிட்ச் வாங்கினேன்.

பிறகு, மோட்டார்தான் என்று முடிவுகட்டினேன். நவம்பரில் சென்னை போனபோது புதுப்பேட்டையில் இறங்கினேன். எந்தக் காரின் எந்தப் பாகம் கேட்டாலும் பழையது கிடைக்கிற இடம். "ஃபிரண்ட் லெஃப்ட்டா, ரைட்டா சார்?" என்றார் கடைக்காரர். காரை மனதில் முன்னால் நிறுத்தி, அதை எதிர்நின்று பார்த்து, "ரைட்" என்றேன். கார்க்காரர்கள் லெஃப்ட் ரைட் சொல்வது உள்ளே உட்கார்ந்துகொண்டு என்பது அப்போது தோன்றவில்லை. மோட்டாரும் கண்ணாடி மிஷினும் சேர்த்து 2,200 ரூபாய்.

அதைப் பொருத்த நான் தேர்ந்தெடுத்த நாள் நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயலுக்காகப் பள்ளி விடுமுறை. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று தகர ஷெட்டுக்குக் கீழே டோர் பேடைக் கழற்றினேன். ஒன்பது பிளாஸ்டிக் கிளிப்பில் ஏழு உடைந்தன. உள்ளே கறுப்புப் பசையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தது. எதற்கு இந்தக் குப்பை என்று கிழித்தெறிந்தேன். கண்ணாடியைக் கதவின் அடியில் இறக்கி வைத்துவிட்டு, பழைய மிஷினை உருவி, வாங்கிவந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் எதிரெதிராக இருந்தன.

அன்றிரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. என் ஷெட்டில் மழை மேலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வந்தது. ஜன்னலுக்கு ஒட்டிய பாலித்தீனும் டேப்பும் எந்த வீட்டு மாடிக்குப் போயினவோ. காலையில் சீட்டுக்குக் கீழே தண்ணீர் தளும்பியது. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. துணி துவைக்கிற மக்கை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

பழைய மிஷினையே திரும்ப மாட்டினேன். கதவு திறந்திருந்ததால் கண்ணாடி ஏறியது. சாத்தினேன், அதோடு சரி. நான் கிழித்த ஷீட் எதற்கு என்பதும் அடுத்த மழையில் தெரிந்தது. கண்ணாடியில் வழிகிற தண்ணீர் எப்போதுமே கதவுக்குள் இறங்கி அடியிலுள்ள ஓட்டை வழியாகத்தான் வெளியேறுமாம். அது காருக்குள் வராமல் தடுப்பது அந்தக் குப்பைதான். மார்கழி முழுக்க அய்யா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தார்.

ஜனவரியில்தான் திண்டிவனத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். நாளெல்லாம் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பிரிக்கிற கை. முதலில் உள்விளக்கைப் போட்டுப் பட்டனை அழுத்தினார். விளக்கு மங்கவில்லை. "மோட்டாருக்குக் கரண்டே போவல சார். போயி சிக்கிட்டு நின்னா லைட்டு டல்லடிக்கும்." அடுத்து, பட்டனை அழுத்தியபடியே கதவை மெல்லத் திறந்தார். பாதியில் கண்ணாடி துள்ளியது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே கீல் ஓரத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதைப் பிதுக்கி வயர்க்கட்டை வெளியே இழுத்தார். ஒரு பச்சை வயரை விரலில் வைத்து வளைத்தார். மேல்தோல் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இல்லை. பதினைந்து வருடம் கதவு திறந்து மூடி, அந்த ஒரு மடிப்பில் கம்பி ஒவ்வொன்றாக அறுந்திருக்கிறது. கதவு ஒரு கோணத்தில் இருந்தால் முனைகள் தொடும், மற்றபடி இல்லை. நீளமாக ஒரு துண்டு வயர் வைத்து ஈயம் பற்றவைத்து ஸ்லீவ் போட்டார். அரை மணி நேரம், 250 ரூபாய்.

டோர் பேடைத் தட்டிப் பார்த்தவர், "இதுக்கு முன்னாடி யாரு சார் கை வெச்சது?" என்றார்.

"யாரோ ஒரு பையன்" என்றேன்.

"அவன்கிட்ட இனிமே வண்டியக் குடுக்காதீங்க."

சரி என்றேன்.

மறுநாள் காலை அய்யா ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். இறங்கியது, ஏறியது.

"யாரு தம்பி சரி பண்ணது?"

"நான்தாங்கய்யா."

"என்ன கோளாறாம்?"

"மோட்டார்."

அய்யா கதவைப் பாதி திறந்து அழுத்தினார். சாத்தி அழுத்தினார். "ம்" என்றார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் பேச்சில்லை. கூட்டேரிப்பட்டில் பனங்கிழங்கு விற்கிற அம்மாவைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். உட்கார்ந்தபடியே கண்ணாடியை முழுக்க இறக்கி ஒரு கட்டு வாங்கினார். ஒன்றை உரித்து என்னிடம் நீட்டினார்.

"நடுவுல ஒரு நாரு இருக்கும் தம்பி. வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது."