எட்டு நிமிஷ சாம்பார் சாதம்

முழங்கால் இன்னும் மடங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை குரங்கணிப் பக்கம் மலையேறிவிட்டு வந்த வலி. அது போய்விடும். போகாத வலி சமையலறை அலமாரியில் நான்கு பாக்கெட்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. உறையவைத்து உலர்த்திய சாம்பார் சாதம். இதைப் பற்றி முக்கியமான விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் சொல்கிறேன்.

வாங்கச் சொன்னவன் மைத்துனன். "வெயிட்டே இல்ல மாமா, 80 கிராம்தான்." நம்மைப் பற்றித்தான் தெரியுமே. சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கிவிடும் மலைக்குத் தலையில் கட்டும் விளக்கு வாங்குகிறவர்கள் நாம். ஆறு பாக்கெட்டாக வாங்கினால் விலை குறைவு என்று வேறு போட்டிருந்தது. வாங்கினேன்.

சமைத்த சாதத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வாக்கில் உறையவைக்கிறார்கள். பிறகு காற்றை உறிஞ்சியெடுத்த அறையில் வைத்தால், அதிலிருக்கும் பனிக்கட்டி உருகாமல் நேரே ஆவியாகிவிடும். ஆண்டிஸ் மலைக்காரர்கள் இன்கா காலத்திலிருந்தே உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் உறையப்போட்டு, காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைக்கிறார்கள். அதற்குப் பெயர் சூன்யோ. பெயரைக் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இப்போது அந்தத் தண்ணீருக்கு வருவோம். இவ்வளவு பாடுபட்டு எடுத்துவிட்டார்கள், சந்தோஷம். ஆனால் சாப்பிடும்போது 200 மில்லி கொதிநீர் ஊற்ற வேண்டுமாம். காட்டுக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. 2018-இல் குரங்கணியில் எரிந்த காட்டுத்தீக்குப் பிறகு அதில் வாதாட யாருக்கும் மனசு வராது. அப்புறம் கொதிநீர்? ஃபிளாஸ்க்கில். அவனுக்கு 200, எனக்கு 200, போதாவிட்டால் என்ன செய்வது என்று உபரியாக 600. ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. ஃபிளாஸ்க் அரைக் கிலோ. ஆக, வெயிட்டே இல்லாத இரண்டு சாப்பாட்டுக்கு 1,660 கிராம். தொழிற்சாலைக்காரன் மெனக்கெட்டு எடுத்த தண்ணீரை நான் மெனக்கெட்டு மலைக்குத் தூக்குகிறேன். ஒவ்வொரு அடிக்கும் முதுகில் களக், களக். ஆவியாகிப் போன சாம்பார்த் தண்ணீர் ஆவியாகவே வந்து ஏறிக்கொண்டது. வேதாளமாவது கதை சொல்லும். தாகமெடுத்தால் இதைக் குடிக்கவும் முடியாது. கொதிநீர், அதுவும் சாம்பாருக்குச் சொந்தமானது. குடிக்கத் தனியாக இரண்டு லிட்டர். எனக்கு முன்னால் கைவீசிப் போன மைத்துனனிடம் "மாப்ளே, கொஞ்சம் மாத்திக்கலாமா" என்றேன். "நான் பாக்கெட்டைத் தூக்கறேன்ல மாமா" என்றான்.

மத்தியானம் பாக்கெட்டைக் கிழித்தோம். உள்ளே சின்னப் பொட்டலம் ஒன்று, "சாப்பிடாதே" என்று எழுதியிருந்தது. அந்தப் பாக்கெட்டில் நேர்மையாக இருந்தது அது ஒன்றுதான். விடிகாலையில் டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வாங்கிய தண்ணீர், சூடு இருக்கிறதா என்று நான் வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்ததில், குளிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. ஊற்றி மூடி, எட்டு நிமிஷம் காத்திருந்தோம். கேரட் ஊறியது. பருப்பு ஊறவில்லை. சோறு ஒரு பக்கம் கஞ்சி, மறுபக்கம் பொரி.

வழிகாட்ட வந்த பெரியவர் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். புளிச்சோறு, ஓரத்தில் கருகலாக வறுத்த மோர்மிளகாய்.

"அதுல என்ன சார் ஊறுது?"

"சாம்பார் சாதம்ணே."

"காயவச்சு, சுமந்து, திரும்ப ஊறவைக்கறதுக்கு, காயவைக்காமலே கொண்டாந்திருக்கலாமே?"

மைத்துனன் பதில் சொல்லவில்லை. அவன் கண் மோர்மிளகாயில் இருந்தது.

இந்த இடத்தில், எங்கள் பாட்டி அந்தக் காலத்திலேயே வற்றலும் வடகமும் போட்டாள் என்று நான் பெருமை பேச வேண்டும். பேச மாட்டேன். மே மாத மொட்டைமாடியில், கையில் குச்சியோடு காக்கா விரட்ட உட்காரவைக்கப்பட்டவன் நான். உலர்த்திய பண்டங்களோடு எனக்கு இருப்பது பழைய பகை.

அடுத்த மாதம் இன்னொரு மலை என்கிறான் மைத்துனன். கதவைச் சாத்தினேன்.

மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள். மணி பத்தரை. அரிசி களையச் சோம்பல். அலமாரியில் இப்போது மூன்று பாக்கெட்டுகள். கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த முக்கியமான விஷயம்... இருங்கள், எட்டு நிமிஷம் ஆகிவிட்டது.