ராத்திரியிலும் வேகுதே!

கேள்வி: மதுராந்தகத்தில் பொழுது சாய்ந்தால் காற்று குளிர்ந்துவிடுகிறது. தி.நகரில் நள்ளிரவிலும் வியர்க்கிறதே, ஏன்?

பதில்: கான்கிரீட்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் திருப்பித் தருகின்றன, வட்டியைப் போடுவது ஏ.சி.! இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரியும். நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே அந்தச் சூடு சீக்கிரம் வெளியேறவும் வழியில்லை. உங்கள் ஊரில் ஏரி, வயல், மரமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கியே பாதி வெயிலைச் செலவழித்துவிடுகின்றன. ஏ.சி.யே இல்லாத காலத்தில், 1818-லேயே, லண்டன் இரவுகள் சுற்றுப்புறத்தைவிடச் சூடானவை என்று ஆங்கிலேய வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் அளந்து எழுதிவிட்டார். பகல் சூடு ஏறாமலிருக்க, மொட்டைமாடிக்கு இந்தக் கோடையிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மேல்மாடிக்காரர்கள் கொஞ்சமாவது தூங்குவார்கள். தெருவுக்கு மரம்தான் வேண்டும்.