தோபாவும் ரேஷன் கடையும்

கேள்வி: பெரிய எரிமலை ஒன்று வெடித்து, மனித இனமே சில ஆயிரம் பேராகச் சுருங்கிவிட்டதாமே? அப்படியென்றால் ரேஷன் கடையில் இவ்வளவு கூட்டம் எங்கிருந்து வந்தது? (ஒரு வாசகர், தேனி)

பதில்: நீங்கள் சொல்வது தோபா. சுமத்ராத் தீவில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அந்தப் பள்ளம்தான் இன்று 100 கி.மீ. நீள ஏரி, கரையில் சுற்றுலா விடுதிகள்!

'சூரியனே மறைந்தது, மனிதன் மயிரிழையில் பிழைத்தான்' என்று 1990களில் ஒரு கொள்கை பிரபலமானது. நல்ல சினிமாக் கதை. ஆனால் மண்ணைத் தோண்டியவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். தோபாவின் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி வந்து ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் படிந்திருக்கிறது (பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்). சாம்பலுக்குக் கீழே கிடைத்த கல்கருவிகளும் மேலே கிடைத்தவையும் ஏறத்தாழ ஒரே ரகம். கடையை மூடிவிட்டு ஓடியதாகத் தெரியவில்லை. தூசி தட்டிவிட்டுத் தொழிலைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவில் இன்னும் சுவாரசியம். தோபா வெடிப்புக்குப் பின் மழை குறைந்து ஆறு குட்டைகளாகச் சுருங்கியதும், அங்கிருந்தவர்கள் மீனுக்கு மாறிவிட்டார்கள். குட்டையில் அகப்பட்ட மீன் எங்கே போகும்? வறட்சியிலும் குழம்புக்கு வழி கண்ட புத்திசாலிகள்! குழம்பு என்பது என் கற்பனை. மீன் எலும்புகள் நிஜம்.

மரபணுக்களில் தெரியும் மக்கள்தொகைச் சுருக்கத்துக்குத் தோபாதான் காரணம் என்பதைப் பலர் இப்போது ஏற்பதில்லை. சிறு கூட்டங்களாக ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியதே போதுமான காரணம் என்கிறார்கள். ரேஷன் கூட்டத்துக்கும் தோபா பொறுப்பல்ல. வரிசையில் நில்லுங்கள்.