தகப்பனார் கையெழுத்து

கராத்தே வகுப்பில் சேர என் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டுமாம். நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டார்கள். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. பென்ஷன் விஷயமாக அவர் போடும் கையெழுத்தே பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் வருஷா வருஷம் தகராறு. எனக்கு நாற்பத்தேழு. படிவத்தில் 'மாணவர் பெயர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதியதும், மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், "சார், அங்க பையன் பேர எழுதணும்" என்றார். "எனக்குத்தாம்மா" என்றேன். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பார்வை வயிற்றருகே கொஞ்சம் தங்கிப் போனது. "பேரன்ட் சைன் இல்லாம சிஸ்டம் எடுக்காது சார்" என்றார்.

சிஸ்டம் எடுக்காது என்று சொன்னபிறகு இந்த நாட்டில் மேல்முறையீடு கிடையாது. வந்துவிட்டேன்.

விசாரிக்கும் வியாதி உங்களுக்கும் இருக்கும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். நீச்சல், கிடார், இந்தி, நாம் விசாரிக்காத வகுப்பா? கட்டணம் கேட்டு, நேரம் கேட்டு, துண்டுப் பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது உடம்பு அப்போதே கொஞ்சம் தேறியது போல இருக்குமே, அதேதான். இதில் சுயமாகச் சில முடிவுகளுக்கு வந்திருக்கிறேன். நம் வயதில் தற்காப்புக் கலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் ஊரில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கராத்தே என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. ஷோட்டோகானா, கோஜு ரியூவா, ஷிட்டோ ரியூவா, வாடோ ரியூவா என்கிறார்கள். மசால் தோசையா, நெய் ரோஸ்ட்டா என்று சர்வர் கேட்டாலே திகைத்துப்போகிறவனிடம் இதைக் கேட்டால்? வித்தியாசம் என்ன என்றேன். நின்று காட்டினார் மாஸ்டர். எல்லாவற்றிலும் முழங்காலை மடக்கச் சொல்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

இன்னொரு பள்ளி கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது. முந்தின நாள் மாலை வரவேற்பு, அன்றைக்கும் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும்தான் முழு வீச்சில் கராத்தே. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள்; மாணவர்கள் அந்த வழியாக வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

பெல்ட் கணக்கு தனி. 1882-இல் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோதான் இடுப்பில் கறுப்புப் பட்டை கட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர். வானவில் வண்ணங்கள் எல்லாம் ஜூடோ ஐரோப்பாவுக்குப் போனபிறகு பரவியவை. இங்கே வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் மஞ்சள் கோடு போட்ட வெள்ளை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் தேர்வுக் கட்டணம் உண்டு.

வீட்டில் பேச்செடுத்தேன். ஓகினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனாகோஷி, 1922-இல் கராத்தேயைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனபோது ஐம்பதைத் தாண்டியவர் என்று எடுத்துச் சொன்னேன். "அவர் சொல்லிக்கொடுக்கப் போனாருங்க. நீங்க கத்துக்கப் போறீங்க. மொதல்ல கேஸ் சிலிண்டரைத் தூக்கி உள்ள வைங்க" என்றாள் மனைவி.

சரி, நம் மண்ணின் கலைக்கே போவோம் என்று விடியற்காலையில் மைதானத்துக்குப் போனேன். சிலம்ப ஆசான் என்னை ஒரு பார்வை பார்த்து, நெற்றி வரைக்கும் கம்பு வேண்டும் என்று அளவைச் சொல்லிவிட்டு, அந்தக் கம்பை ஆறு மாசத்துக்குத் தொடக் கூடாது என்றார். அதுவரை காலடி மட்டும். பையனுக்கா என்று கேட்காத ஒரே மனிதர். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கூட நின்ற அம்மாக்கள் அப்படி இல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. கம்புக்கு மரியாதை வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஓர் அம்மா பக்கத்தில் வந்து, "நீங்க எந்த வேலைக்கு சார் ட்ரை பண்றீங்க?" என்று கேட்டார். குரலில் கவலை. அவர் பையனுக்கு நான் போட்டியாம்! சும்மா ஆசைக்கு என்றேன். நம்பவில்லை. இந்த ஊரில் நாற்பதுக்கு மேற்பட்டவன் ஆசைப்பட்டு எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒன்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் கிடைக்க வேண்டும். பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, பணம் கட்டி, மதில் ஓரமாக நின்று செல்போன் பார்ப்பதற்குத்தான் நமக்கு அனுமதி.

சொல்ல வந்த அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். வருவதற்குள் ஆசான், "ஞாயித்துக்கிழமை வகுப்பு இல்ல சார், உலக சாதனை" என்றார்.

உலக சாதனை! உங்கள் தெருவில் இதுவரை நடக்கவில்லை என்றால் இந்த மாதம் நடக்கும். எங்கள் பேட்டையில் கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றியாகிவிட்டது. பானை மேல் நின்று சுற்றியாகிவிட்டது. காலில் ஸ்கேட்டிங் சக்கரம் மாட்டிக்கொண்டு, தொட்டித் தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, எல்லாம் ஆயிற்று. பானை மேல் நின்று ஒரு சிறுவன் ஒரு மணி நேரம் கம்பு சுற்றினால், அடுத்த பேட்டைக்காரர்கள் அதை முறியடிக்க மெனக்கெடுவதில்லை. அவர்கள் பையனின் தலையில் இன்னொரு பானையை வைத்துவிடுகிறார்கள். அது வேறு சாதனை. இப்படி எதுவும் முறியாமல் பக்கத்தில் பக்கத்தில் முளைத்துக்கொண்டே போவதால் தோற்றவர் என்று உலகத்தில் யாரும் இல்லை.

பதிவு செய்ய கோட்டுப் போட்டு ஒருவர் வருவார். பெயரில் உலகம் என்று வருகிற ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தின் நடுவர். அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தவரை நான் சந்தித்ததில்லை. வெயிலில் கோட்டுப் போட்டு அவர் நிற்பதே ஒரு சாதனை, அதைப் பதிவு செய்யத்தான் ஆள் இல்லை. சிறப்பு விருந்தினர் வராமல் தொடங்கக் கூடாது என்பதால், சாதனைக்கு முன்பே பிள்ளைகள் இரண்டு மணி நேரம் கம்போடு நின்றுகொண்டிருப்பார்கள். அதுவும் கணக்கில் வராது. ஃபிளெக்ஸில் விருந்தினர் ஆளுயரத்துக்கு இருப்பார். சாதித்த பிள்ளைகள் அடியில் தபால்தலை அளவில்.

கராத்தேக்காரர்கள் ஓடு உடைப்பார்கள். எங்கள் பின்கட்டுச் சார்ப்பு ஒழுகுகிறது, மாற்ற மங்களூர் ஓடு கேட்டு அலைகிறேன், எங்கேயும் இல்லை. அத்தனையும் எங்கே போனது என்று இப்போதல்லவா தெரிகிறது! அடுத்து டியூப்லைட். அதற்கடுத்து, வயிற்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றிக்கொள்வது. இது எந்த வகையில் தற்காப்பு? வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பதுதான் தற்காப்பு. எங்கள் மெயின் ரோட்டில் தினமும் அதைச் செய்கிறேன், ஒருவரும் பொன்னாடை போர்த்தவில்லை.

பெரியவர்களுக்கு ஏதாவது பிரிவு உண்டா என்று ஆசானிடம் கேட்டுப் பார்த்தேன். யோசித்தார். "ஐந்நூறு புள்ளைங்க சார். தண்ணி பாட்டில் குடுக்க ஆள் வேணும்" என்றார். ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நோட்டீசில் காலை எட்டு மணி என்று போட்டிருக்கிறது. சிறப்பு விருந்தினர் வரப் பத்தாகும். மைதானத்தைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் இருக்காது. மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பின்தெரு வழியாகப் போய்விடுங்கள்.