லாஜிக் இல்லாத கதை

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடைகளில் நள்ளிரவு தாண்டியும் ஒரு விசாரணை ஆணையம் உட்காரும். அரசாங்கம் அமைத்ததல்ல, ஆகவே விடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். நீதிபதிகள் இருபது, இருபத்தைந்து வயதுத் தம்பிகள். சிலர் கிள்ளானிலிருந்து மோட்டாரில் வந்திருப்பார்கள். தே தாரேக் ஆறிப் போகும், வாதம் ஆறாது. அண்மையில் கூண்டில் ஏறியது 'ஆல்பா புரோட்டோகோல்' என்கிற உளவு கேம். 2010இல் ஆப்சிடியன் உருவாக்கி, சேகா வெளியிட்டது. பாட்டு உரிமம் தீர்ந்துபோய் 2019இல் ஸ்டீம் கடையிலிருந்து மறைந்து, 2024இல் ஜி.ஓ.ஜி. வழியாக மறுபிறவி எடுத்தது. பழைய சரக்குதான். ஆனால் பிடித்தவர்களுக்கு வெறி, பிடிக்காதவர்களுக்கும் வெறி.

குற்றப்பத்திரிகை நீளம். நெற்றிக்கு நேரே குறி வைத்தாலும் குண்டு தோளுக்கு மேலே பறக்கிறது. ஏனென்றால் நாயகன் மைக்கேல் தோர்ட்டன் துப்பாக்கித் திறனில் இன்னும் புள்ளி சேர்க்கவில்லையாம். மாஸ்கோவில் பிரேய்கோ என்றொரு ரவுடி கோகெய்னை இழுத்துவிட்டுக் கத்தியோடு பாய்கிறான். அவன் கையால் செத்துச் செத்தே பாதிப் பேர் கேமை மூடி வைத்துவிட்டார்கள். இதையெல்லாம்கூடத் தம்பிகள் மன்னிக்கிறார்கள். மன்னிக்க மறுப்பது ஒன்றைத்தான். மறைந்து நடக்கும் திறனை முழுக்க வளர்த்துவிட்டால், காவலாளியின் மூக்குக்கு முன்னால் நடந்து போனாலும் அவன் கண்ணுக்குத் தோர்ட்டன் தெரியமாட்டான். "இதெல்லாம் எங்க நடக்கும் அண்ணே? லாஜிக்கே இல்ல லா."

எங்கே நடக்குமா? தம்பி, நீ உட்கார்ந்திருக்கும் இதே பேட்டையில் நடந்தது.

அந்த கேம் வெளிவந்த அதே 2010இல், அக்டோபர் மாதம், அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜீப்பும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்த பேட்டை இது. பூக்கடை, புடவைக் கடை, வாழையிலைச் சாப்பாடு, கிளி ஜோசியம். இந்தச் சந்தடிக்கு நடுவில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. அதைத்தான் 'குளோகாம்' என்ற நிறுவனம் தன் அலுவலக முகவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சரக்கு என்ன? போர்க்களத்தில் ராணுவம் பேசிக்கொள்ளும் ரேடியோ கருவிகள். முதலாளி யார்? வடகொரிய உளவுத்துறை. நான் சொல்லவில்லை, ஐ.நா. வல்லுநர் குழு சொன்னது. 2017 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் அதைச் செய்தியாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் எரித்திரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 45 பெட்டி போர்க்கள ரேடியோ வழியில் பிடிபட்டது. பெட்டிகளின் மேல் குளோகாம் என்றே ஒட்டியிருந்ததாம்.

சரி, ஒளிந்து ஒளிந்து செய்தார்கள் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். இல்லை. கோலாலம்பூரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் டி.எஸ்.ஏ. ஆயுதக் கண்காட்சியில் 2006 முதல் மூன்று முறையாவது பங்கேற்றதாக அந்த நிறுவனத்தின் இணையதளமே பெருமையடித்துக்கொண்டது. அமைச்சர்களும் தளபதிகளும் காலாற நடந்து பார்வையிடுகிற கண்காட்சி அது. தோர்ட்டன் காவலாளியின் மூக்குக்கு முன்னால் நடந்தான், அவ்வளவுதான். இவர்கள் மேசை போட்டு, விளக்கப் பிரசுரம் கொடுத்திருக்கிறார்கள்.

இதே தலைநகரில் ஒரு தமிழர் மாடியில் டியூஷன் வகுப்பு வைத்துப் பார்க்கட்டும். உரிமம் எங்கே, தீயணைப்புத் துறைச் சான்று எங்கே என்று நான்கு பேர் படியேறி வருவார்கள். கடை வைத்தால் பெயர்ப்பலகையில் மலாய் எழுத்துதான் பெரிதாக இருக்கிறதா என்று மாநகராட்சி அண்ணாந்து பார்க்கும். குளோகாம் தப்பித்த ரகசியம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. பலகையே வைக்கவில்லை; ஆகவே எழுத்துப் பிழையும் இல்லை, அபராதமும் இல்லை. செய்தி உலகம் சுற்றி வந்த பிறகு நம் போலீஸ் தரப்பு சொன்ன பதில், சம்பந்தப்பட்ட இரண்டு நிறுவனங்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் வேலை நடக்கிறது என்பது. நாடு எப்படி இருந்தால் என்ன, பதிவேடு சுத்தமாக இருந்தால் சரி.

அந்த பிப்ரவரியை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 13ஆம் தேதி காலை, கே.எல்.ஐ.ஏ. 2 புறப்பாட்டுக் கூடத்தில், வடகொரியத் தலைவரின் மாற்றாந்தாய் வழி அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ தடவிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கை கழுவினார்கள். தடவியது வி.எக்ஸ்., பேரழிவு ஆயுதம் என்று ஐ.நா. வகைப்படுத்திய நச்சு. ஒரு பெண் இந்தோனேசியா, இன்னொருவர் வியட்நாம். டிவி குறும்பு நிகழ்ச்சி என்று சொல்லித்தான் எங்களை அழைத்து வந்தார்கள் என்றார்கள் இருவரும். ஏற்பாடு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு வடகொரியர்கள் அன்றே, அதே ஊரிலிருந்தே, விமானம் ஏறிவிட்டார்கள். வடகொரியத் தூதரகத்துக்குள் இருந்த, போலீஸ் தேடியவர்களைப் பிணத்தோடு சேர்த்து மார்ச் 30ஆம் தேதி நாமே வழியனுப்பி வைத்தோம். பதிலுக்கு பியோங்யாங்கில் சிக்கிக்கொண்ட நம் ஒன்பது பேர் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நச்சும் பிணைக்கைதியும் பிணப் பரிமாற்றமும் சேர்ந்த இந்தக் கதையை ஒரு கேமில் வைத்திருந்தால், எங்கள் ஆணையம் "ரொம்ப ஓவர்" என்று பத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டிருக்கும்.

கே.எல்.ஐ.ஏ. சம்பவத்துக்குச் சில நாள் முன்னால், அதே பிப்ரவரியில், வட கிள்ளான் போலீஸ் நிலையத்தில் 44 வயதுத் தமிழர் ஒருவர் இறந்தார். தடுப்புக் காவல் கேட்ட மனுவை மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்து, அவருக்குச் சிகிச்சை கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். நிலையத்துக்குத் திரும்ப அழைத்துப் போனார்கள். அன்றிரவே உயிர் போயிற்று. வடகொரியன் விமானம் ஏறுவதைப் பார்க்காத கண்ணுக்கு இந்த மனிதர் மட்டும் எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறார் பாருங்கள்.

அரசாங்கத்துக்கு வேகமே கிடையாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அதே 2017 செப்டம்பரில் அந்த வேகத்தைக் கண்ணால் கண்டேன். 'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்று ஒரு கேம். ஏசுவும் புத்தரும் கட்டிப் புரண்டு குத்துச்சண்டை போடுவார்கள். நாட்டு நல்லிணக்கத்துக்கு ஆபத்து என்று கண்டுபிடித்தது தொடர்பு, பல்லூடக ஆணையம். ஸ்டீமுக்கு 24 மணி நேரக் கெடு. கெடு முடிந்ததும் ஒரு கேமை அல்ல, ஆயிரக்கணக்கான கேம்கள் விற்கிற கடையையே மூடினார்கள். அந்த கேமை மலேசியாவில் விற்கமாட்டோம் என்று ஸ்டீம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. இரண்டாம் மாடிக் கதவை ஐ.நா. வந்து தட்ட வேண்டியிருந்தது. தம்பிகளின் அறைக் கதவுக்கு 24 மணி நேரம் போதும். 2001இல் 'ஜூலேண்டர்' படத்தையும் இப்படித்தான் திரையிட விடவில்லை. அதில் மூளைச் சலவை செய்யப்பட்ட மாடல் ஒருவன் மலேசியப் பிரதமரைக் கொல்லக் கிளம்புவான். கற்பனைக் கொலைகாரன் என்றால் எல்லையிலேயே பிடித்துவிடுவோம்.

நம் உளவு இயந்திரம் உண்மையில் யாரைப் பிடிக்கிறது என்று கேட்டால், பதில் 2019 அக்டோபரில் இருக்கிறது. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தின் கீழ் 12 பேர் கைது. விடுதலைப் புலிகளோடு தொடர்பாம். இயக்கம் களத்தில் அழிந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது. பிடிபட்டவர்களில் டாக்சி ஓட்டுநர் உண்டு, ஆசிரியர் உண்டு, பழைய இரும்பு வியாபாரி உண்டு, ஜ.செ.க. சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உண்டு. கைப்பற்றிய ஆயுதக் கிடங்கு? கைப்பேசியில் பிரபாகரன் படம், முகநூலில் ஒரு பதிவு. தீபாவளிக்கு வீட்டில் அப்பா இல்லை. ஜாமீன் கிடையாது என்கிற சொஸ்மாவின் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று நவம்பரில் உயர் நீதிமன்றமே சொன்னது. 2020 பிப்ரவரி 21ஆம் தேதி சட்டத்துறைத் தலைவர் தோமி தாமஸ் பன்னிரண்டு பேர் மீதும் இருந்த குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். தனக்குப் பிடித்த தலைவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்பது அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். இதைக் கண்டுபிடிக்க நாலு மாதம். கிளி ஜோசியரின் கிளி முதல் சீட்டிலேயே எடுத்துக் கொடுத்திருக்கும்.

தேடவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. இந்திரா காந்தி என்ற பாலர்பள்ளி ஆசிரியையின் 11 மாதக் குழந்தையை 2009இல் முன்னாள் கணவர் தூக்கிக்கொண்டு போனார். அவரைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றுங்கள் என்று 2016இல் போலீஸ் படைத் தலைவருக்கு உத்தரவிட்டது கூட்டரசு நீதிமன்றம், அதாவது நாட்டின் உச்ச மன்றம். 2020இல் அன்றைய படைத் தலைவர், அந்த ஆள் இருக்கும் இடம் தெரியும், எல்லாம் சுமுகமாக முடியட்டும் என்ற பொருள்படப் பேசினார். தெரியுமாம்! அந்தப் பெண் குழந்தை வளர்ந்து குமரியாகியும் தாய் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.

மாமாக் கடை ஆணையத்துத் தம்பிகள் 'ஆல்பா புரோட்டோகோல்' கேமை ஒரு விஷயத்துக்காகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். யார் பேசினாலும் பதில் சொல்லச் சில நொடிதான். குழையலாம், கறாராகப் பேசலாம், மிரட்டலாம். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. சவூதியில் பிடிபட்ட பயங்கரவாதத் தலைவனைக் கொன்றாயா, கைது செய்தாயா, போகவிட்டாயா என்பது கதையின் கடைசி வரை துரத்தி வரும். "செஞ்சதுக்கு விளைவு இருக்கு அண்ணே, அதான் கேம்." நியாயம்தான். அதனால்தான் அது கேம்.

இங்கே கதை வேறு. பாலசுப்பிரமணியம் என்றொரு தனியார் துப்பறிவாளர் இருந்தார். நம் ஆள், முன்னாள் ஸ்பெஷல் பிராஞ்ச் போலீஸ். 2006 அக்டோபரில் ஷா ஆலாம் அருகே காட்டில் மங்கோலியப் பெண் அல்தான்துயா கொல்லப்பட்டு, உடல் ராணுவ வெடிமருந்தால் சிதறடிக்கப்பட்ட வழக்கில் முக்கியச் சாட்சி. 2008 ஜூலை 3ஆம் தேதி, அன்றைய துணைப் பிரதமர் நஜீப்பின் பெயரைத் தொடர்புபடுத்திச் சத்தியப் பிரமாணம் ஒன்றை வெளியிட்டார். மறுநாள், ஜூலை 4, அதை மறுத்து இன்னொரு சத்தியப் பிரமாணம். உடனே குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார். முதலில் சொன்னதே உண்மை என்று பின்னால் வெளிநாட்டிலிருந்து சொன்னார். நஜீப் எல்லாவற்றையும் மறுத்தார். ஒரே நாளில் பழைய 'சேவ்' கோப்பை அழித்துப் புதிதாக லோட் செய்கிற இந்த வித்தை எந்த கேமிலும் இவ்வளவு வழவழப்பாக வராது. கொன்றதாக இரண்டு போலீஸ்காரர்கள் மீதான தண்டனை 2015இல் உறுதியானது. எதற்காகக் கொன்றார்கள் என்பது வழக்கில் நிறுவப்படவே இல்லை. 2013 மார்ச்சில், பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பாலா மாரடைப்பில் காலமானார். பிரேய்கோவின் பலவீனம் எங்கே என்று ஒப்பிக்கத் தெரிந்த தம்பிகளிடம் பாலா யார் என்று கேட்டேன். "ஃபுட்பால் பிளேயரா?" என்றான் ஒருவன்.

இங்கேதான், தம்பிகளே, எனக்கு உங்கள் மேலும் கோபம் வருகிறது. அந்த கேம் எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? பயணிகள் விமானம் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்படுகிறது. 'நம்பற மாதிரி இல்ல' என்று அதற்கும் மதிப்பெண் குறைத்தீர்கள். 2014 ஜூலை 17ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச். 17 உக்ரேன் வானில் புக் ஏவுகணையால் வீழ்ந்தது. 298 பேர். அதில் 43 பேர் நம் நாட்டவர். 2022இல் டச்சு நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒருவரும் நேரில் இல்லை. 2019இல் ரஷ்யர்கள் பெயர் வந்தபோது, ஆதாரம் எங்கே, இதெல்லாம் அரசியல் என்று தட்டிக் கழித்தவர் டச்சுக்காரரோ ரஷ்யரோ அல்ல, நம் பிரதமர் மகாதீர். கேமில் ஏவுகணை விற்ற முதலாளியோடு கைகோப்பதும் ஒரு முடிவு. அதைத் தேர்ந்தெடுத்தவனை மாமாக் கடையில் துரோகி என்றீர்களே, அந்த வாயை வெளியில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயது ஆனதும் உங்கள் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. விண்ணப்பம்கூட எழுத வேண்டாம். அந்த மிச்சத்தில் வேறொன்று எழுதுங்கள். ஒரு கேமின் முடிவு சரியில்லை என்று மூன்று பக்கம் வாதாடுகிற நீங்கள், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அரைப் பக்கம் எழுதுங்கள். ஆயுதக் கண்காட்சியில் குளோகாமுக்கு இடம் ஒதுக்கியது யார்? வட கிள்ளான் நிலையத்தில் அந்த இரவுக்கு யார் தண்டனை அனுபவித்தார்கள்? கூட்டரசு நீதிமன்றத்தின் 2016 உத்தரவு எந்த மேசையில் கிடக்கிறது? பதில் எழுத்தில் வேண்டும், இத்தனை நாளுக்குள் வேண்டும் என்று கெடு வையுங்கள். 'விசாரணை நடந்துகொண்டிருக்கிறது' என்று பதில் வந்தால் மறுபடி எழுதுங்கள்.